இருபது மெகாபிக்சல்

அந்தக் கேமராவ ஒருக்கா கையில குடுங்க அண்ணாச்சி. பயப்படாதிய, கீழ போட்டுர மாட்டேன். என் பேரு பொன்னுலிங்கம், ஆறுமுகநேரியில முப்பது வருசமா ஸ்டூடியோ வச்சிருக்கேன். கேமராவக் கைப்பிள்ளையத் தூக்குத மாதிரிதான் தூக்குவேன். ஆயுசுல ஒண்ணே ஒண்ணைத்தான் இந்தக் கையால ஒடைச்சிருக்கேன். அந்தக் கதையச் சொல்லி முடிக்கதுக்குள்ள பஸ்ஸு தூத்துக்குடி போயிரும்.

எத்தன மெகாபிக்சல் இது? பன்னெண்டா? ஏன் அண்ணாச்சி, பாத்தா வெவரமான ஆளாத் தெரியுதிய, பன்னெண்ட போயி வாங்கியிருக்கிய? சின்ன டப்பா, சட்டைப் பையில போட்டுக்கிடலாம், நல்ல லென்ஸு, எல்லாம் சரி. ஆனா பன்னெண்டு! கடைக்காரன் என்ன சொன்னான்? புள்ளி கம்மியா இருந்தா ஒவ்வொரு புள்ளியும் பெருசா இருக்கும், வெயிலையும் நிழலையும் சேத்துப் புடிக்கும்னு சொன்னானா? சொல்லியிருப்பான். எம் மச்சினனும் இதத்தான் சொன்னான். அவன் இன்னைக்குக் கொலைக் கேசுல அக்யூஸ்டு. நான் சாட்சி. பதினொரு மணிக்குக் கோர்ட்டு, அங்கனதான் போயிக்கிட்டிருக்கேன். நான் வாயத் தொறந்து என்ன சொல்லுதேனோ அதுலதான் அவன் வீட்டுக்குப் போறதும் ஜெயிலுக்குப் போறதும் இருக்குன்னு வக்கீல் சொல்லுதாரு.

சிரிக்காதிய. கேமராவுக்காக ஒருத்தன் கொலை செய்வானான்னு நெனைக்கிய. கேளுங்க.

எங்க பக்கத்துல பாதிக் கிராக்கி உப்பளத்துக்காரவதான். மொதலாளிமாருக்குக் காலண்டர் படம், உப்பு வாருத அன்னிக்குப் பூசைப் படம், மந்திரி வந்தா மாலை போடுத படம். அங்கனக்குள்ள பெரிய கேமராவக் கொண்டுட்டுப் போனா செத்தோம். லென்ஸக் கழட்டி மாட்டுனாப் போதும், காத்துல வார உப்பு உள்ள போயி ஆறு மாசத்துல அரிச்சுரும். எனக்கு ரெண்டு கேமரா அப்படித்தான் போச்சு. அதனால எங்க ஊர் ஸ்டூடியோக்காரங்க எல்லாரும் உப்பளத்துக்கு மட்டும் இந்த மாதிரிச் சின்னக் கேமராதான். லென்ஸு கழறாது, பையில போட்டு மூடிக்கிடலாம். ஆனா சாதாரணச் சின்னக் கேமராவுல காலண்டர் போட முடியுமா? ஒசந்த ரகம் வேணும். அப்படி ஒண்ணு நான் வாங்குனேன், இருபது மெகாபிக்சல்.

அதே மாசம் இசக்கிராஜும் ஒண்ணு வாங்கிட்டு வந்தான். இசக்கிராஜுன்னா எம் பொண்டாட்டி ரத்தினசெல்வியோட தம்பி. பன்னெண்டு வருசம் எங்கூடத்தான் ஸ்டூடியோவுல நின்னான். தொழில் கத்துக்கிட்டதே எங்கிட்டதான். அவன் வாங்கிட்டு வந்தது, இன்னா நீங்க வச்சிருக்கிய பாருங்க, இதே மாதிரிப் பன்னெண்டு. எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. நான் இருபது வாங்கி வச்சிருக்கேன், நீ என்னல பன்னெண்டத் தூக்கிட்டு வார? ஊர்க்காரன் என்ன நெனைப்பான், இவனுக்குத் தெரியாத தொழில் மச்சினனுக்குத் தெரியும்னா?

அவன் வெரசாப் பேச மாட்டான். அதான் என் ரத்தத்தக் கொதிக்க வைக்கது. நான் கத்துவேன், அவன் பைய, "இல்ல அத்தான், பாருங்க அத்தான்" அப்படிம்பான். ரெண்டு கேமராவையும் கொண்டு போயி ஒரே எடத்துல நின்னு உப்பளத்த எடுத்தோம். முன்னால உப்புக் குமி, பின்னால ஓலைக் கொட்டகை. கம்ப்யூட்டர்ல போட்டோம். என் படத்தப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் போனா உப்புக் கல்ல ஒண்ணு ரெண்டுன்னு எண்ணலாம் அண்ணாச்சி. அவன் படத்துல எண்ண முடியாது, மாவு மாதிரி இருக்கு. நான் கையத் தட்டிச் சிரிச்சேன்.

"சரி அத்தான், கொட்டகையப் பாருங்க" அப்படின்னான். என் படத்துல கொட்டகை வாசல் கறுப்பு, தார் பூசுன மாதிரி. அவன் என்னத்தையோ திருகுனான், அவன் படத்துல கொட்டகைக்கு உள்ள நாலு பொம்பளைங்க உக்காந்து கஞ்சி குடிக்கது தெரியுது. ஒருத்தி கால்ல புண்ணு, துணி சுத்தியிருக்கா, அது கூடத் தெரியுது. வெளிய உப்பும் வெளுத்துப் போகல.

"கொட்டகைக்குள்ள எவம்ல பாக்கப் போறான்?" அப்படின்னேன். அது ஞாயந்தான? காலண்டர்ல கஞ்சி குடிக்கவளையா போடுவாவ? அவன் என்ன சொன்னான் தெரியுமா? "உள்ள ஆள் இருக்கில்லா அத்தான்" அப்படிங்கான். உள்ள ஆள் இருக்காம்! செவிட்டோட சேத்து ஒண்ணு விட்டேன். அவன் தடுமாறி லைட்டு ஸ்டாண்டு மேல விழுந்தான். எந்திரிச்சு என் நெஞ்சுல தலைய வச்சு முட்டுனான் பாருங்க, நான் போயிக் கவுண்டர்ல மோதி, இன்னா, இந்தப் பல்லு பாதி போச்சு. ரத்தம். பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த வாத்தியாரு ஒருத்தரு குறுக்க வந்து, என் கை அவரு மூக்குலயும் பட்டு, பெரிய கூத்து. ரத்தினசெல்வி வந்து ரெண்டு பேரு தலையிலயும் தண்ணிய ஊத்துனா.

அதுக்குப் பெறவு பேச்சு வார்த்தை இல்ல. ஒரே ஸ்டூடியோவுக்குள்ள ரெண்டு கேமரா, ரெண்டு மேசை. பேசாமத் தொழில் பாக்கது எம்புட்டுக் கஷ்டம் தெரியுமா? கல்யாண வீட்டுல மாப்பிள்ளையப் பாத்து, "கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க அந்தாள"ம்பான். அந்தாளுன்னா நான்.

இன்னொண்ணு சொல்லணும். இது உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, எங்க பக்கத்துக்காரனுக்குத்தான் தெரியும். உப்பளத்துல படம் எடுத்தா மொதலாளி சட்டை வெளுத்துப் போயிரும். கீழ உப்பு வெள்ள, மேல வெயிலு, அவிய போட்டிருக்கதும் வெள்ளைக்கு வெள்ள. மடிப்பு தெரியாது, பை தெரியாது, பொத்தான் தெரியாது. வெயிலுகந்தான் மொதலாளி, பெரிய உப்பளம் அவியளுக்கு, ஒரு வருசம் என் காலண்டரத் தூக்கி மூஞ்சியில எறிஞ்சாவ. "கொடியில சட்டையக் காயப் போட்ட மாதிரி இருக்குவே, உள்ள நான் எங்க?" அப்படின்னாவ. அன்னையிலருந்து நான் என்ன செய்வேன், கேமராவுல வெளிச்சத்த ஒன்றரைப் படி கொறைச்சு வச்சிருவேன். சட்டையில ஒவ்வொரு நூலும் நிக்கும். மொதலாளிமாரு மூஞ்சிய மட்டும் பெறவு கம்ப்யூட்டர்ல தொடைச்சு வெளுப்பாக்கிக்கிடலாம். சுத்தி நிக்க வேலைக்காரவ கறுத்துப் போவாவ, போனாப் போறாவ, அவியளா காலண்டர் வாங்கப் போறாவ? அந்தச் செட்டிங்க நான் மாத்தவே மாட்டேன். அது எங் கைராசி.

ஆத்தூர் தாண்டிட்டமா? சரி.

மூணு வருசத்துக்கு முந்தி மாசி மாசம். வெயிலுகந்தான் மொதலாளி அளத்துல மொத உப்பு வாருத அன்னிக்குப் பூசை. மொதலாளி, அவிய மவன் தனபாலன், மருமக்க, சொந்தக்காரவ எல்லாரும் வெள்ளையும் சொள்ளையுமா வந்து நிக்காவ. எனக்குத்தான் ஆர்டரு. நான் போயி எறங்குதேன், அங்க இசக்கிராஜு நிக்கான், கழுத்துல அவன் கேமரா. உன்னைய யாருல கூப்புட்டான்னு கேட்டேன். வேலைக்காரவ கூப்புட்டாவளாம். எங்களையும் ஒரு படம் எடுத்துத் தாங்கன்னு கேட்டாவளாம். மொகம் தெரியுத மாதிரி வேணுமாம்.

மொகம் தெரியுத மாதிரி! அப்போ நான் முப்பது வருசமா எடுத்ததெல்லாம் என்ன? அம்புட்டுப் பேரு முன்னாலயும் என்னைய அவமானப்படுத்துனான் அண்ணாச்சி. எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. அவன் கழுத்துலருந்து கேமராவ அத்து எடுத்தேன். வாரு அறுந்து அவன் கழுத்தக் கிழிச்சிட்டு. மோட்டார் மேடை, சிமெண்டு மேடை, அதுல ஓங்கி அடிச்சேன். ஒரு அடியில லென்ஸு தெறிச்சுப் பாத்தித் தண்ணிக்குள்ள போச்சு. மறு அடியில மொத்தமும் பிளந்துட்டு. இன்னும் ரெண்டு அடி அடிச்சேன், என் கையிலதான் ரத்தம். அவன் பாஞ்சு என் கொதவளையப் புடிச்சுட்டான். வரப்புல உருண்டோம். வாய்க்குள்ள உப்புத் தண்ணி, கண்ணு எரியுது, அவன் நெஞ்சு மேல இருக்கான். ஆறு பேரு சேந்துதான் இழுத்துப் போட்டாவ. தனபாலன் சிரிச்சுக்கிட்டே, "என்ன ஸ்டூடியோக்காரரே, பூசைக்கு முன்னாலயே சாமி வந்துட்டா?"ன்னு கேட்டுது. எல்லாரும் சிரிச்சாவ.

இசக்கி ஒடைஞ்ச கேமராவ ஒவ்வொரு துண்டாப் பொறுக்கித் துண்டுல கட்டிக்கிட்டு, கொட்டகைக்குள்ள போயி உக்காந்துட்டான். அழுதாம்னு சொன்னாவ. நான் பாக்கல. நான் மூஞ்சியக் கழுவிட்டு வேலையப் பாத்தேன். தொழில்னு வந்துட்டா அப்படித்தான இருக்கணும்?

தேங்கா ஒடைச்சு, சூடம் காட்டி, குடும்பத்த நிறுத்தி வைக்கேன். அப்பதான் அந்தப் பிச்சைக்கனி வந்தான். அளத்துல வேலை பாக்கவன், நாப்பது வயசு இருக்கும், ஒல்லி. சொந்தக்காரவ அம்புட்டுப் பேரு முன்னாலயும் வந்து நின்னு, "மொதலாளி, போன வருசம் சொன்ன பூட்ஸு வரலையே, காலெல்லாம் புண்ணாப் போச்சு" அப்படின்னான். கோட்டிக்காரப் பய. கேக்கதுக்கு நேரங்காலம் இல்லையா? மொதலாளி மூஞ்சி சுண்டிட்டு. தனபாலன் அவன் தோள்ல கையப் போட்டு, "வா, கொட்டகையில இருக்கு, தாரேன்" அப்படின்னு கூட்டிட்டுப் போச்சு.

பெறவு ஒரு சத்தம். தேங்கா ஒடைஞ்ச மாதிரின்னு சொல்லுவாவள்லா, அதே மாதிரித்தான், ஆனா ஈரமா. அதுக்குப் பொறவு கூப்பாடு. நான் திரும்புனேன். கையில கேமரா. பத்தடியில கொட்டகை வாசல். அமுக்கிட்டேன். அமுக்கிப் புடிச்சா தொடந்து எடுக்கும்லா, ஆறு படம் விழுந்துச்சு.

பிச்சைக்கனி மூணு நாள் பெரியாசுபத்திரியில கெடந்தான். மண்டை பிளந்து, ஒரு கண்ணு வெளிய வந்து, பேச்சு மூச்சு இல்லாமலே போயிட்டான். கடப்பாரையால அடிச்சது. கடப்பாரையில இசக்கி கைரேகை. இசக்கி சட்டையெல்லாம் ரத்தம். காலையில அவன் வெறி புடிச்ச மாதிரி என் கழுத்த நெரிச்சத நாப்பது பேரு பாத்திருக்காவ. "அந்தக் கோவத்துல, குறுக்க வந்த பிச்சைக்கனிய அடிச்சுட்டான், என் மவன் தடுக்கப் போனான்" அப்படின்னு மொதலாளி எழுதிக் குடுத்தாவ. வேலைக்காரவளும் தலையாட்டுனாவ. மறுநாளும் அதே அளத்துலதான உப்பு வாரணும் அவிய? இசக்கி, தனபாலன்தான் அடிச்சுதுன்னு தொண்ட கிழியக் கத்துனான். ஸ்டேசன்ல வச்சு அவன் ரெண்டு உள்ளங்காலையும் அடிச்சு வீங்க வச்சிட்டாவ. மூணு மாசம் பாளையங்கோட்டை ஜெயில்ல கெடந்துட்டு ஜாமீன்ல வந்தான். இன்னும் நொண்டித்தான் நடக்கான்.

மிச்சம் இருக்க சாட்சி என் படந்தான்.

இன்னா பாருங்க, கோர்ட்டுக்குன்னு பெருசாப் போட்டுக் கொண்டாந்திருக்கேன். ஓரத்தப் புடிச்சுப் பாருங்க, மடங்கிராம. எப்படி இருக்கு? இந்தப் பக்கம் பாருங்க, கடப்பாரை முனை. கொட்டகை தாழ்வுல்லா, தலைக்கு மேல ஓங்க முடியாது, பக்கவாட்டுல வீசுனதால முனை வாசலுக்கு வெளிய வெயில்ல வந்திருக்கு. துருவப் பாருங்க, துருவுக்கு மேல ஒட்டியிருக்க முடியப் பாருங்க, ஒத்த ஒத்த முடியாத் தெரியுது. காத்துல தெறிச்சு நிக்க ரத்தத் துளிய எண்ணுங்க, பதினேழு இருக்கு. இத இந்தப் பன்னெண்டு எடுத்திருக்குமா? அரசு வக்கீலே அசந்துட்டாரு.

ஆமா. வாசலுக்கு உள்ள கறுப்புதான். அதான். ஒன்றரை கொறைச்சு வச்சிருந்தம்லா, சட்டைக்காக. உள்ள நின்ன வெள்ளச் சட்டை கூட அப்படியே கறுப்புக்குள்ள போயிட்டு. கம்ப்யூட்டர்ல போட்டு வெளிச்சத்த ஏத்தி ஏத்திப் பாத்தேன், மதுரைக்குக் கொண்டு போயி அங்க ஒருத்தர்ட்டயும் குடுத்துப் பாத்தேன். எறும்பு மொய்ச்ச மாதிரிப் புள்ளி புள்ளியா வருதே தவிர, கடப்பாரையப் புடிச்சிருக்கது யாரு கைன்னு தெரியல. அவன் கேமராவா இருந்தா தெரிஞ்சிருக்கும். நான் இல்லைங்கல. நெறைய நாள் சோத்துல கைய வச்சுக்கிட்டு அத நெனைச்சு அப்படியே உக்காந்திருக்கேன். அத நாந்தான ஒடைச்சேன்? ஆனா அதுக்காக இருபது மெகாபிக்சல் மோசம்னு சொல்லிர முடியாது. அது வேற, இது வேற.

பிச்சைக்கனி பொண்டாட்டி ஒருநா ஸ்டூடியோவுக்கு வந்தா. முந்தியில கல்லக் கட்டிக் கொண்டாந்திருக்கா. ஷோகேஸ் கண்ணாடிய ஒவ்வொண்ணா ஒடைச்சா. மொதலாளிமாரு படம், கல்யாணப் படம், எல்லாம் தெருவுல. ஒரு கண்ணாடிச் சில்லு இன்னா இந்தப் புருவத்துல ஏறிட்டு. நான் அவள ஒண்ணும் செய்யல. துணிக்கட்டு போட்ட கால அந்தச் சில்லு மேலயே வச்சு நின்னுக்கிட்டு, "நீ அங்கனதானவே நின்ன?" அப்படின்னு ஒண்ணே ஒண்ணு கேட்டா. நான் படத்த எடுத்து அவளுக்கு வெளக்கிச் சொன்னேன். ஒன்றரை, நிழலு, புள்ளி, எல்லாம் பொறுமையாச் சொன்னேன். மூஞ்சியில துப்பிட்டுப் போயிட்டா. அவளுக்கு என்ன புரியும்?

தம்பி ஜாமீன்ல வந்த அன்னைக்கே ரத்தினசெல்வி பொறந்த வீட்டுக்குப் போயிட்டா. மூணு வருசம் ஆகப் போவுது. நேத்து சாயங்காலம் வந்தா. உக்காரல. "நாளைக்கு என்ன சொல்லப் போறிய?" அப்படின்னா. நான் படத்த விரிச்சேன். அவ அதத் திரும்பிக்கூடப் பாக்கல. "எளவெடுத்த கேமராவ விடுங்க. நீங்க பாத்தியளா இல்லையா?" அப்படின்னா. நான் மறுபடியும் செட்டிங்கச் சொன்னேன். தாலியக் கழத்தல, ஒண்ணும் செய்யல, அதெல்லாம் சினிமாவுல. கவுண்டர்ல கெடந்த கத்திரிய எடுத்து எங் கையில குத்துனா. இன்னா, கட்டுப் போட்டிருக்குல்லா, அதுதான். குத்திட்டு அவளே என்னையத் தையல் போடக் கூட்டிட்டுப் போனா.

அன்னா பாருங்க, முள்ளக்காட்டு உப்பளம். என்னா வெளிச்சம்! கண்ணத் தொறக்க முடியுதா? இதுல போயி எவன் படம் எடுப்பான்னு சொல்லுங்க. எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்.

என்ன அண்ணாச்சி? கேளுங்க. முக்காணிப் பாலத்துலருந்து நானும் பாக்கேன், வாயத் தொறக்கிய, மூடுதிய. நீங்களும் அதத்தான கேக்கப் போறிய? படம் கெடக்கட்டும், நீ கண்ணால பாத்தியான்னு. எல்லாரும் அதையே கேளுங்கவே! போலீஸ்ல நான் என்ன எழுதிக் குடுத்தேன்? கேமரா ஸ்கிரீனத்தான் பாத்துக்கிட்டிருந்தேன், நேர பாக்கலன்னு எழுதிக் குடுத்தேன். உச்சி வெயில்ல ஸ்கிரீன்ல ஒரு மண்ணும் தெரியாது, அது இன்ஸ்பெக்டருக்குத் தெரியுமா? கேமராவ நெஞ்சோட அணைச்சு வச்சுக்கிட்டு, கண்ணால பாத்துத்தான் அமுக்கணும். முப்பது வருசமா அப்படித்தான் அமுக்குதேன்.

பத்தடி அண்ணாச்சி. பத்தே அடி. எனக்கு என்ன, கண்ணு அவிஞ்சா போச்சு? மொதல்ல இருட்டாத்தான் இருந்துச்சு. கண்ணச் சுருக்குனேன். ஒரு நொடி, ரெண்டு நொடி, பெறவு எல்லாம் தெரிஞ்சுச்சு. பிச்சைக்கனி மண்டி போட்டு ரெண்டு கையையும் தலையில வச்சிருக்கான். அந்தக் கை மேலதான் ரெண்டாவது அடி. வெரலு முறிஞ்ச சத்தம் கேட்டுது. தனபாலன் பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்கி, மூக்குலருந்து வேர்வை சொட்டுது, கழுத்துல தங்கச் செயினு ஆடுது. நெத்தியில பூசைக் குங்குமம் கலைஞ்சு கண்ணுக்குள்ள வழியுது. இசக்கி பின்னாலருந்து பாஞ்சு கடப்பாரையப் புடிச்சான். தொங்குனான்னே சொல்லணும். அவன் வெலாவுல தனபாலன் முட்டிய வச்சு இடிக்கி, இடிக்கி, அவன் விடல. அப்ப என்னையப் பாத்தான் இசக்கி. வாசல்ல நான் நிக்கதப் பாத்துட்டான். காலையில என் கொதவளையப் புடிச்சவன், என்ன கத்துனான் தெரியுமா? "அத்தான், எடுங்க! எடுங்க அத்தான்!" அப்படின்னு கத்துனான்.

எடுத்தேன். அவன் சொன்னான்லா, எடுத்தேன். ஆறு எடுத்தேன். ரெண்டு எட்டு வச்சு நானும் உள்ள போயிருந்தா மூணாவது அடி விழுந்திருக்காது. மூணாவது அடியிலதான் மண்டை போச்சுன்னு டாக்டர் எழுதியிருக்காரு. தெரியும் எனக்கு. எனக்குத் தெரியும்வே, நீங்க அப்படி என்னையப் பாக்காண்டாம்!

சத்தம் போட்டுட்டேன், மன்னிச்சுக்கிடுங்க. கண்டக்டர் திரும்பிப் பாக்கான்.

நான் என்ன பொய்யா சொல்லப் போறேன்? இசக்கி அடிச்சான்னு சொல்லப் போறனா? ஒருக்காலும் சொல்ல மாட்டேன், அவன் எம் பொண்டாட்டி கூடப் பொறந்தவன். படத்துல தெரியலன்னு சொல்லுவேன். அது நெசந்தான? நான் போட்டோக்காரன். படத்துல உள்ளதச் சொல்லத்தான் என்னையக் கூப்புடுதாவ. எங்க ஊர்ல மொதலாளியப் பகைச்சுக்கிட்டு எவன் ஷட்டரத் தொறப்பான்? நான் தொறக்கலன்னா ரத்தினசெல்வி எங்க வந்து உக்காருவா, இசக்கிதான் எந்தக் கடைக்குத் திரும்பி வருவான்? எல்லாருக்குமாத்தான நான் யோசிக்கேன்.

வந்துட்டு, இந்த ஸ்டாப்புதான். அன்னா வேப்ப மரத்தடியில வெள்ளக் காரு நிக்கில்லா, அது எனக்காக வந்திருக்கு. ஊர்லருந்தே கார்ல கூட்டிட்டு வந்தா நாலு பேரு ஒரு மாதிரி பேசுவான், பஸ்ஸுல வந்து எறங்குன்னு மொதலாளிதான் சொன்னாவ. தனபாலனே வந்திருக்கு பாருங்க, கையில எளநி. கையில குத்துப்பட்டிருக்குன்னு கேள்விப்பட்டு நேத்தே ரெண்டு தடவ போன் போட்டுது. நல்ல பிள்ளதான், கோவம் வந்தாத்தான் இப்படி.

இருங்க அண்ணாச்சி, ஒரு நிமிசம். எந்திரிக்காதிய. கைய உருவாதிய, வலிக்காது, பேசாம இருங்க. நான் கடைசியாச் சொன்னது எதுவும் உங்க காதுல விழல, என்ன? பஸ்ஸு சத்தம், கேமராவப் பத்தி என்னமோ ஒரு கெழவன் பேசிக்கிட்டு வந்தான், அம்புட்டுத்தான். எவனாவது வந்து கேட்டா என்ன சொல்லுவிய? எங்க, ஒருக்கா சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் நான் கைய விட்டுட்டு எறங்குவேன்.